மணமேடையில் ஏறி நின்று பார்த்த கம்பெனி

போன வருஷம் ஆடி மாதம், அறந்தாங்கியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபம் காலியாகக் கிடந்தது. அதற்குள் எங்கள் கம்பெனி ஆட்களை ஆளுக்கொரு இடத்தில் நிற்க வைத்து, கையில் கயிற்றைக் கொடுத்து, ஒரு பரீட்சை பண்ணினோம். அன்றைக்கு என்ன ஆனது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்தே வரும்.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர். அப்பா, அம்மா இரண்டு பேருமே டீச்சர்கள். படித்து முடித்துவிட்டு பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். கணவருக்கு அறந்தாங்கிக்கு மாற்றல் வந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். இங்கே என் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கப் போகிறது என்ற கவலை இருந்தது. ஆனால் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். மணமேல்குடி பக்கத்துக் கடற்கரையில் நண்டு, இறால், கணவாய் வாங்கி, சுத்தம் செய்து, உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. நடத்துவது ஒரு பெண்மணி. நாங்கள் எல்லோரும் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு வெடுக்கென்றுதான் இருக்கும். ஆனால் முடிவெடுக்க நேரம் கடத்த மாட்டார்.

நான் சேர்ந்தபோது அங்கே மென்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. கரையில் மீன் வாங்குகிறவர்களுக்கு ஃபோனில் ஓர் ஆப். வேன்களுக்கு ஒன்று. ஐஸ் ஃபேக்டரிக்கு ஒன்று. சரக்கு உள்ளே வருகிற கேட்டில் ஒன்று, உறைய வைக்கிற இடத்தில் ஒன்று, பேக்கிங்கில் ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொருத்தரிடம் வாங்கியிருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே குடியிருந்தும் ஒன்றோடு ஒன்று முகம் கொடுத்துப் பேசாத சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். எந்தப் பெட்டியை எடுத்துக் கேட்டாலும், அது எந்தப் படகில் வந்த சரக்கு, நடுவில் எங்கெங்கே போனது என்று சொல்ல வேண்டும். எங்கள் தகவல்கள் எப்படி ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கின்றன என்று வரைபடமும் காட்ட வேண்டும். ஆர்டர் கிடைத்தால் புதிதாகக் கட்டிய இரண்டாவது ஷெட்டைத் திறக்கலாம். டைல்ஸ் எல்லாம் ஒட்டி, மேஜைகள் போட்டு, பூட்டியே கிடந்தது அந்த ஷெட். அதில் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லி வைத்திருந்த பெண்கள், பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால்கூட, "எப்ப மேடம் தொறப்பீங்க?" என்று கேட்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறுவேன்.

வரைபடம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு கம்பெனியில் எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது, யார் கைக்குப் போகிறது, எந்த மென்பொருளில் உட்கார்ந்திருக்கிறது என்று வரைந்து காட்டுவதற்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். அதை எந்த முறையில் செய்வது என்பதற்கே உலகத்தில் பல ஃபிரேம்வொர்க்குகள் இருக்கின்றன. இதற்கென்று சென்னையிலிருந்து வரவழைத்திருந்த கன்சல்டன்ட்டும் நானும் உட்கார்ந்து பேசி மூன்றைத் தேர்ந்தெடுத்தோம். முதலாவதுக்குத் தலையணை கனத்தில் ஒரு புத்தகமே இருக்கிறது. கம்பெனியின் நோக்கத்தில் ஆரம்பித்து, படிப்படியாகச் சுற்றி வந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். இரண்டாவது, பெரிய கட்டம் போட்ட அட்டவணை. என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். மூன்றாவது, படம் வரையும் முறை. வேலை மேலே, மென்பொருள் நடுவே, மெஷின் கீழே என்று பெட்டிகள் போட்டு, அம்புக்குறியால் இணைப்பது.

எனக்கு முதலாவதின் மேல்தான் மோகம். பெங்களூரில் அதற்குப் பரீட்சை எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்கியிருந்தேன். கன்சல்டன்ட்டுக்கும் அதுதான் பிடிக்கும். இரண்டு பேரும் சேர்ந்து அழகான ஸ்லைடுகள் தயாரித்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். அம்மா கன்னத்தில் கை வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்:

"ஏம்மா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒரு சேலை எடுக்கப் போனாக்கூட விரிச்சுக் காட்டச் சொல்லித்தானே எடுக்குறோம்? இதை மடிச்ச மேனிக்கே காட்டுறீங்க. மூணையும் விரிச்சுக் காட்டுங்க, எதுன்னு சொல்றேன்."

"எப்படிம்மா விரிக்கிறது? இதெல்லாம் மாசக்கணக்குல செய்யிற வேலை" என்றார் கன்சல்டன்ட்.

"ஆளுகளைக் கூட்டி வச்சு விரிங்க. எங்க சித்தப்பா மண்டபம் சும்மாதானே கெடக்கு."

இப்படித்தான் நாங்கள் மண்டபத்துக்குப் போனோம். கரையில் சரக்கு வாங்கும் சூப்பர்வைசர், வேன் பிரிவைப் பார்க்கிற அக்கா, ஐஸ் ஃபேக்டரிக்காரர், கேட்டில் சரக்கு எடை போடுகிறவர், உறைய வைக்கும் பிரிவு, பேக்கிங், தரக்கட்டுப்பாடு, சம்பளப் பிரிவு என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் லேப்டாப்போடோ ஃபோனோடோ வந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் அவரவர் மென்பொருளின் பெயரை எழுதி ஒரு அட்டையைத் தொங்கவிட்டோம். சம்பளப் பிரிவுத் தம்பியின் அட்டையைப் பார்த்துவிட்டு எல்லோரும் அவரையே சுற்றிச் சுற்றி வந்து, "இந்த மாசம் எப்ப போடுவீங்க?" என்று கலாய்த்தார்கள்.

முதலில் என் பிரியமான முறை. கன்சல்டன்ட் மைக்கைப் பிடித்து, கம்பெனியின் நோக்கம் என்ன, கொள்கைகள் என்ன என்று ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். வெளியே ஆடிக் காற்று கதவை அடித்துக்கொண்டிருந்தது. டீ வருகிற வரைக்கும் நோக்கத்தையே தாண்டவில்லை. ஐஸ் ஃபேக்டரிக்காரர் நாற்காலியில் லேசாகச் சாய்ந்துவிட்டார். ஆனாலும் ஓர் உருப்படியான விஷயம் கிடைத்தது. இந்த வரைபடம் யாருக்காக, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்பதை ஒரே வரியாக போர்டில் எழுதி வைத்தோம்: 'இந்தப் பெட்டி எந்தப் படகிலிருந்து வந்தது?'

அடுத்தது கட்டம். தரையில் டேப் ஒட்டிப் பெரிய பெரிய கட்டமாகப் பிரித்து, யாருடைய தகவல் எந்தக் கட்டத்தில் வருகிறதோ அவர் அங்கே நிற்க வேண்டும் என்றேன். கரை சூப்பர்வைசர் ஒரே சமயத்தில் நாலைந்து கட்டத்தில் நிற்க வேண்டியதாயிற்று. நல்ல பருமனான மனிதர். பாண்டி விளையாடுகிற மாதிரி ஒற்றைக் காலில் தாவித் தாவி, "தங்கச்சி, எனக்கு இன்னும் ரெண்டு காலு வேணும்" என்றார். மண்டபமே சிரித்தது. ஆனால் 'எப்போது' என்ற வரிசையில் பல கட்டங்கள் காலியாக இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். யார் எதைச் செய்கிறார்கள் என்று எழுதி வைத்திருந்த நாங்கள், அது எந்த நேரத்தில் பதிவாகிறது என்பதைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது முறைக்கு சூப்பர்வைசர் கடற்கரையிலிருந்து நைலான் கயிறு கொண்டுவந்திருந்தார். யாருக்குத் தகவல் கொடுக்கிறீர்களோ அவர் கையில் கயிற்றின் ஒரு முனையைக் கொடுங்கள் என்று சொன்னேன். அவ்வளவுதான், மண்டபம் களைகட்டிவிட்டது. "அண்ணே, இங்கிட்டு ஒண்ணு குடுங்க." "ஏய், அங்கிட்டு இல்ல, பேக்கிங்குக்கு!" கயிறு மேலும் கீழும் ஓடியது. ஒருவர் இடுப்பில் மூன்று முடிச்சு, இன்னொருவர் கையில் ஒன்றே ஒன்று. ஆவணிக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்த ஒரு குடும்பம் வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டது. அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "ஒண்ணுமில்லங்க, ஆபீஸ் வேலைதான். நீங்க போய் சமையல்கட்டைப் பாருங்க" என்று அனுப்பி வைத்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் ஃபோன் ஒலித்தது. எடுத்துக் கேட்டார். முகம் மாறியது. கையைத் தூக்கி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்.

வெளிநாட்டுக்காரர்களின் இங்குள்ள பிரதிநிதி பேசியிருக்கிறார். மாதிரிக்கு அனுப்பிய சரக்கிலிருந்து ஒரு நண்டுப் பெட்டியின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். இது எந்தப் படகு, எந்த வழியாக வந்தது என்று இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். முன்கூட்டிச் சொல்லாத சோதனை.

தரக்கட்டுப்பாட்டுப் பெண்தான் முதலில் அசைந்தார். "வாங்க, ஃபேக்டரிக்குப் போயிருவோம்" என்று இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"போய்?" என்றார் அம்மா. "தெரிஞ்சவுக எல்லாம் இங்கதானே நிக்கிறீங்க."

எனக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. பயமும் ஆசையும் கலந்த ஒரு துள்ளல். போர்டில் நாங்கள் எழுதி வைத்திருந்த கேள்வியையே அவர்கள் கேட்டிருக்கிறார்கள்! "யாரும் கயிறை விடாதீங்க" என்று கத்தினேன். "இப்படியே நின்னு கண்டுபிடிப்போம்."

பெட்டி எண்ணை உரக்கப் படித்தேன். பேக்கிங்காரர் லேப்டாப்பைத் தட்டினார். "இருக்கு. கெடச்சிருச்சு." தன் கயிற்றை இழுத்தார். மறுமுனையில் உறைய வைக்கும் பிரிவுக்காரர் ஆடினார். அவரும் தேடினார், எந்த அறையில் எந்தத் தேதியில் உறைந்தது என்று சொன்னார். அவர் இழுத்த கயிறு கேட்காரரிடம் போனது. கேட்காரர், "இந்தா, இந்த பேட்ச்தான்" என்று அந்தச் சரக்கு உள்ளே வந்தபோது போட்ட எண்ணைச் சொன்னார். கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு கயிறுதான். கேட்டிலிருந்து கரைக்கு. கரை ஆப்பில் படகு எண் இருக்கிறது.

"இழுங்கண்ணே" என்றேன்.

கேட்காரர் தன் கையைப் பார்த்தார். சூப்பர்வைசர் தன் கையைப் பார்த்தார். இரண்டு பேர் கையிலும் அந்தக் கயிறு இல்லை.

"நீங்கதானே குடுக்கணும்?" என்றார் கேட்காரர். "நீங்க குடுத்தீங்கன்னுல நெனச்சேன்?" என்றார் சூப்பர்வைசர்.

விசாரித்தால் விஷயம் எளிது. வேன் கிளம்பும்போது சூப்பர்வைசர் ஃபோன் போட்டு, 'இன்ன படகுச் சரக்கு வருது' என்று கேட்காரரிடம் வாயால் சொல்வார். கேட்காரர் எடையையும் பேட்ச் எண்ணையும் மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார். இத்தனை நாளும் இரண்டு பேருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். நடுவில் இருந்த தகவல் மட்டும் பேச்சோடு காற்றில் போயிருக்கிறது. அந்த நாளில் எங்களுக்குச் சரக்குப் போட்ட படகுகள் ஏராளம். எந்தப் படகென்று ஞாபகத்திலிருந்து சொல்ல யாராலும் முடியாது, சொன்னாலும் யாரும் ஏற்கப் போவதில்லை.

கன்சல்டன்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார். பூட்டிக் கிடக்கும் ஷெட் என் கண் முன்னால் வந்து போனது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் மணமேடையில் ஏறினேன். கீழே நின்று பார்த்தால் எல்லாம் சிக்கலாகத் தெரிந்தது, மேலே நின்றால் தெரியாதா என்ற ஒரு நப்பாசை.

தெரிந்தது!

மேலே இருந்து பார்க்க, கேட்டுக்கும் கரைக்கும் நடுவே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் கேட்காரர் கையிலிருந்து இன்னொரு கயிறு பக்கவாட்டில் வேன் அக்காவிடம் போனது. வேன் அக்காவிடமிருந்து ஒன்று தூணைச் சுற்றிக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்காரரிடம் போனது. ஐஸ்காரரின் கயிறோ நேராக சூப்பர்வைசரின் இடுப்பில் முடிந்திருந்தது. நேர்வழி அறுந்திருந்தாலும் சுற்றுவழி ஒன்று இருந்தது!

"அண்ணே, கேட்டுல வண்டி நம்பர் பதிவாகுதா?" என்று மேடையிலிருந்தே கேட்டேன்.

"ஆமா, எடை மேடையில ஏறின ஒடனே வண்டி நம்பரும் நேரமும் தானா விழுந்துரும்."

"அக்கா, அந்த வண்டி அந்த நேரத்துக்கு எந்தக் கரையிலேருந்து வந்துச்சு?"

வேன் அக்கா ஃபோனை வேகவேகமாகத் தள்ளினார். "மணமேல்குடிப் பக்கம்தான். கெளம்பின நேரமும் இருக்கு."

"ஐஸ் ஏத்தும்போது வண்டி நம்பர் போடுவீங்களா?" என்று ஐஸ்காரரிடம் கேட்டேன். காலையில் தூங்கி வழிந்த மனிதர் இப்போது நுனிக்காலில் நின்றிருந்தார்.

"வண்டி நம்பரும் போடுவோம், எந்தப் படகுச் சரக்குக்குன்னும் போடுவோம். இருங்க, பாத்துச் சொல்றேன்." பார்த்தார். முகம் சுருங்கியது. "ரெண்டு படகு இருக்கு மேடம், ஒரே வண்டியில."

சூப்பர்வைசர்தான் அவருடைய ஆப்பில் அந்த இரண்டு படகு எண்ணையும் போட்டுத் தேடினார். தேடிவிட்டுக் கயிறோடு கயிறாக ஒரு குதி குதித்தார் பாருங்கள், அவர் இடுப்பில் கட்டியிருந்த நாலு பேரும் சேர்ந்து ஆடிப்போனார்கள். "ஒண்ணு கணவாய்! ஒண்ணுதான் நண்டு! நம்ம பெட்டி நண்டுப் பெட்டிதானே!"

அப்புறம் எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. மண்டபம் பார்க்க வந்த குடும்பம் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. நான் சந்தோஷத்தில் மேடையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிவிட்டது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. அம்மா மட்டும் நிதானமாக இருந்தார். "படகுக்காரருக்குப் போட்டு ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றார். சூப்பர்வைசர் ஸ்பீக்கரில் போட்டார். அலைச்சத்தத்துக்கு நடுவே படகுக்காரர், "ஆமா, அன்னிக்கு நண்டு பூராவும் ஒங்களுக்குத்தானேப்பா போட்டேன். அது இருக்கட்டும், அங்க என்ன இம்புட்டுச் சத்தம்? யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். அதற்கு மேல் அம்மாவாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எந்தப் பதிவிலிருந்து எந்தப் பதிவுக்குப் போனோம் என்று வரிசையாக எழுதி, பதிலை மதியமே அனுப்பிவிட்டோம். கேட்டுக்கும் கரைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதையும், அதை எப்படிச் சரிசெய்யப் போகிறோம் என்பதையும் மறைக்காமல் எழுதச் சொன்னார் அம்மா. மதியத்துக்கு வாங்கி வைத்து ஆறிப்போன பிரியாணியை அன்றைக்கு நாங்கள் சாப்பிட்ட மாதிரி யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு நானும் கன்சல்டன்ட்டும் அந்த மூன்று முறைகளில் எது என்று பேச உட்கார்ந்தோம். எங்கள் பிரியமான புத்தகத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவர் சண்டை போடுவார் என நினைத்தேன். அவரோ மூன்றாவது முறையை அடித்தளமாக வைத்துக்கொள்வோம் என்று அவராகவே சொன்னார். பெட்டியும் கோடுமாக வரைந்தால்தான் எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் முறையிலிருந்து 'யாருக்காக, எந்தக் கேள்விக்காக' என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். கட்டத்தைக் கடைசியில் சல்லடை மாதிரி வைத்து, எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்போம் என்றார்.

"உங்க பெரிய புத்தகத்துல இப்படிக் கலந்துக்க ஒத்துக்குவாங்களா சார்?" என்று கேட்டேன்.

"அந்தப் புத்தகத்திலேயே, உங்களுக்கு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கோங்கன்னுதாங்க போட்டிருக்கு. வெட்டத்தான் எங்களுக்கு மனசு வர்றதில்லை" என்று சிரித்தார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னோம். "இதைத்தானே விரிச்சுக் காட்டுங்கன்னு சொன்னேன்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் பதில் வந்தது. எங்கள் விடையை ஏற்றுக்கொண்டார்கள். இடைவெளியை நாங்களே சொன்னது பிடித்திருந்ததாம். பேக்கிங்காரர் ஆர்வக்கோளாறில் பதிலோடு மண்டபத்துப் படம் ஒன்றையும் இணைத்துவிட்டிருந்தார். 'கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இவர்கள் யார்?' என்று அவர்கள் பதிலின் கீழே ஒரு கேள்வி. இவர்கள்தான் எங்கள் மென்பொருள்கள் என்று பதில் எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது, ஏனென்று தெரியவில்லை.

அதற்கப்புறம் கேட் மென்பொருளில் படகு எண்ணையும் ஏற்றினால்தான் புது பேட்ச் திறக்கும்படி மாற்றினோம். வரைபடத்தை முறையாக வரைந்து முடித்தோம். அவர்கள் நேரில் வந்து, தாங்களே பெட்டிகளை எடுத்துக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தார்கள். ஆர்டர் கிடைத்தது. இரண்டாவது ஷெட்டைத் திறந்த அன்று காலை, வெள்ளைக் கோட்டும் தலையுறையும் போட்டுக்கொண்டு பெண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தபோது, ஒருத்தி என் பக்கம் திரும்பி, "தொறந்துட்டீங்களே மேடம்!" என்று கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

இப்போது வேறு கம்பெனிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, எந்த ஃபிரேம்வொர்க் நல்லது என்று கேட்கிறார்கள். நான் பெயர் எதுவும் சொல்வதில்லை. உங்கள் ஆட்கள் எல்லோரும் அதற்குள் வந்து நின்று, பக்கத்தில் இருப்பவர் தனக்கு என்ன தருகிறார் என்று பார்க்க முடிந்தால் அது நல்ல முறை என்று மட்டும் சொல்கிறேன். படித்ததைக் காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, எல்லோரோடும் சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடிப்பதில் எத்தனை பெரிய சந்தோஷம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அந்தச் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையை இன்னும் காதலோடு செய்துகொண்டிருக்கிறேன்.